கடதாசிப் பூ மணக்குமா?

"கடதாசிப் பூ மணக்குமா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். போலியைச் சுட்டுவதற்கு இதனினும் எளிய சொல் நம்மிடம் இல்லை. உருவம் இருக்கும், நிறம் இருக்கும், உயிர் மட்டும் இராது என்பது அதன் பொருள். அண்மையில் நண்பர் ஒருவர் இவ்வினாவைக் கல்வி குறித்து என்னிடம் எழுப்பினார். அவர் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலே வைத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, கடதாசிப் பூவைத் தொட்டியில் நட்டு நீர் வார்ப்பது போன்றது என்பது அவருடைய வாதம். அன்று நானும் அவரோடு உடன்பட்டேன். திகனையில் ஒரு வீட்டு விறாந்தையிலே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்த பின்னர் அந்த உடன்பாடு எனக்கு நிலைக்கவில்லை. அவரை முற்றாக மறுக்கவும் மனம் துணியவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில், குண்டசாலையைக் கடந்து சென்றால் திகன வரும். தும்பறைப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஊர். மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்நீர்த்தேக்கத்திலே பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. இடம் பெயர்ந்த குடும்பங்கள் பல திகனைப் பக்கம் வந்து குடியேறின. சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் அருகருகே வாழும் ஊர் அது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் அங்கே தாக்கப்பட்டபோது, அவ்வூரின் பெயரை நாடு முழுவதும் துயரத்தோடு கேட்டது. அதே ஊரிலே ஒரு தமிழ்த் தாய் வெசாக்குக்கு வெளிச்சக்கூடும், நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்து மடலும், தீபாவளிக்குக் கடதாசித் தோரணமும் செய்து விற்று வருகிறார். அயலார் அனைவரும் அவரிடம் வாங்குகிறார்கள். இச்செய்தி பத்திரிகைகளில் வரவில்லை. ஆகையால் இங்கே முதலில் அதனைக் குறித்து வைக்கிறேன்.

சென்ற வெசாக்குக்குச் சில நாட்களுக்கு முன்னர், உறவினர் வீட்டிலே தங்கியிருந்தபோது, அங்குள்ள சிறுவன் ஒருவனுக்காக வெளிச்சக்கூடு வாங்க அந்த வீட்டுக்குச் சென்றேன். விறாந்தையிலே மூங்கிற் சிம்புகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மெல்லிய வர்ணக் கடதாசிகள் காற்றில் பறவாதிருக்க, அவற்றின் மீது ஒரு கணிதப் புத்தகத்தைப் பாரமாக வைத்திருந்தார்கள். சிரட்டை ஒன்றிலே கோதுமை மாப் பசை. தாய் சட்டம் கட்டிக்கொண்டிருந்தார். பத்து வயது மதிக்கத்தக்க பெண் பிள்ளை பக்கத்திலே அமர்ந்து அப்பியாசக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்றைக்குப் பாடசாலை இல்லையா, மகள்?" என்று கேட்டேன். பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய்தான் மறுமொழி சொன்னார்.

"இதுதான் சேர், அவளுக்குப் பாடசாலை. 2020இல் முதலாம் வகுப்பிற் சேர்த்தோம். சேர்த்த சூட்டோடு மார்ச்சில் எல்லாப் பாடசாலைகளையும் மூடினார்கள். எழுத்தும் எண்ணும் என்னிடந்தான் படித்தாள். திறந்த பிறகு அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. மாதத்திலே பாதி நாள் படுக்கை. 2022இல் பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அப்படியே வீட்டோடு நின்றுவிட்டாள். இனிச் சேர்க்கத்தான் வேண்டும். சேர்ப்பார்களோ, சேர்த்தால் மற்றப் பிள்ளைகளோடு ஈடு கொடுப்பாளோ என்றுதான் பயமாக இருக்கிறது."

அப்பயத்தை அவர் மறைக்கவில்லை; வீட்டுக் கல்வியே மேலானது என்று வாதாடவுமில்லை. நாட்டிலே வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைகளுள் விரும்பி இருப்போரும் உளர். வேறு வழியின்றி இருப்போரும் உளர். இக்குடும்பம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எனினும் வேறு வழியின்றித் தொடங்கிய செயலையும் செவ்வனே செய்ய முடியும் என்பதை அடுத்த கணமே கண்டேன்.

பிள்ளை எழுதிக்கொண்டிருந்த கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அதிலே ஒரு வெளிச்சக்கூட்டின் படம். சிங்களத்தில் 'அட்டபட்டம' என்று வழங்கும் கூடு அது. ஆறு சதுரச் சட்டங்களை மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டினால் அவ்வுருவம் வரும். படத்தின் கீழே பிள்ளை தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "நாம் கட்டியவை 6 சதுரம். கட்டாமலே வந்தவை 8 முக்கோணம்." நான் எத்தனையோ வெசாக் காலங்களில் அக்கூட்டைப் பார்த்திருக்கிறேன், அதிலுள்ள முக்கோணங்களை யாரும் தனியே செய்வதில்லை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. சதுரங்கள் கூடுமிடத்தில் அவை தாமே பிறக்கின்றன. சதுரத்தின் பக்கம் ஓரடியானால் முக்கோணத்தின் பக்கமும் ஓரடி. ஆகையால் மூன்று பக்கமும் சமம். ஆகையால் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை. பிள்ளை இந்த 'ஆகையால்'களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஒரு தேற்றத்தை நிறுவுகிறோம் என்பதை அவள் அறியாள். முக்கோணத்திற்கு எவ்வளவு கடதாசி வெட்ட வேண்டும் என்பதற்காகவே கணக்குப் பார்த்திருந்தாள்.

கடதாசியிலே கணிதம் கற்பது புதிய சங்கதியன்று. ஜெர்மனியிலே பாலர் கல்விக்கு வழி வகுத்த புரோபல், பிள்ளைகளின் கையிற் கொடுத்த பொருள்களிலே மடிக்கும் கடதாசியும் ஒன்று. சென்னை மாகாணத்திலே அரசாங்க உத்தியோகம் பார்த்த டி. சுந்தரராவ் என்பவர், அந்தப் பாலர் விளையாட்டிலிருந்து குறிப்பெடுத்து, கடதாசி மடிப்பினாலேயே கேத்திர கணிதத்தைக் கற்பிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதி 1893ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியப் பெருங்கணிதரான பீலிக்ஸ் கிளைன் தமது நூலிலே அதனைக் குறிப்பிட்டார். 1901இல் அது சிக்காகோ நகரில் மறுபதிப்பாக வந்தது. கவராயமும் பாகைமானியும் அதற்கு வேண்டா. ஒரு சதுரக் கடதாசியை நடுவே நெடுக்காக மடித்து விரியுங்கள். கீழ் மூலைகளுள் ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொண்டு, மற்றை மூலையைத் தூக்கி அந்த நடு மடிப்பின் மீது படியச் செய்யுங்கள். அது தொட்ட புள்ளியையும் கீழ் மூலைகள் இரண்டையும் இணைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். நம் நாட்டு ஆசிரியர் எவரும் நாளைக் காலை வகுப்பிலே இதனைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு தாள் கடதாசி.

இவ்வளவும் கண்டு மகிழ்ந்த நான் அதன் பின்னர் செய்த காரியத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். கூட்டின் விலை ஆயிரத்து இருநூறு ரூபா என்றார் தாய். நான் ஆயிரத்துக்குக் கேட்டேன். கேட்பது நம் கைப்பழக்கம். கடையிலே விலை எழுதி ஒட்டிய பண்டத்துக்கு வாய் திறவாமற் கொடுப்போம். கைப்பணிக்கு மட்டும் பேரம் பேசுவோம். அவர் சிறிது தயங்கிச் சம்மதித்தார். பணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தவர் பிள்ளையிடம் மெல்லச் சொன்னார்: "மகள், கொப்பியை மூடி வையுங்கள். மிச்சக் கணக்கை நாளைக்குப் பார்ப்போம். இன்றைக்கு இன்னொரு கூடு கட்ட வேண்டும்."

அவ்வார்த்தை என்னைக் குத்திற்று. வீடு திரும்பிய பின்னர் நானே கணக்குப் பார்த்தேன். மூங்கில், கடதாசி, நூல், பசை எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுக்கு நானூறு ரூபாவாகிறது என்று அவர் சொல்லியிருந்தார். கட்டி முடிக்க மூன்று மணி நேரம். ஆயிரத்து இருநூறுக்கு விற்றால் உழைப்புக்கு எண்ணூறு. ஆயிரத்துக்கு விற்றால் அறுநூறு. மூன்று கூடுகளில் அவர் பெற வேண்டிய இரண்டாயிரத்து நானூறு ரூபாவைப் பெற இனி நான்கு கூடுகள் கட்ட வேண்டும். அந்த நான்காவது கூட்டுக்குரிய மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? சமையலிலிருந்து வராது, தூக்கத்திலிருந்து ஓரளவு வரும், எஞ்சியது பிள்ளையின் கொப்பியிலிருந்துதான் வர வேண்டும். நான் மீதப்படுத்திய இருநூறு ரூபா, அப்பிள்ளையின் பாட நேரத்திலிருந்து எடுத்தது.

இவ்விடத்திலேதான் என் நண்பரின் ஐயமும் என் அனுபவமும் சந்திக்கின்றன. தொழிலும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வாழலாமா என்பது நம்மவர் பலர் சிந்தித்த பழைய வினா. கண்டி நாட்டின் கைப்பணிகளை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே நுணுகி ஆராய்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிற் பிறந்த தமிழர். கனிப்பொருள் ஆய்வுக்கென ஊரூராகச் சென்றவர், கல்லைத் தேடிய வழியிலே கலையைக் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய அவரது பெருநூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை அவர் சாதாரண அச்சகத்திற் கொடுக்கவில்லை. இங்கிலாந்திலே வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலே ஓராண்டுக்கு மேல் உழைத்து 425 பிரதிகள் அச்சிட்டார். கைப்பணியைப் பற்றிய நூல் கைப்பணியாகவே வர வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். கைவினைஞனின் மகன் தொழிலைத் தொழிற்களத்திலேயே, தந்தையையே குருவாகக் கொண்டு கற்றான் என்பதையும், வாழ்க்கை வேறு கல்வி வேறு என்று அங்கே பிரிவினை இருக்கவில்லை என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

அவர் கண்ட உலகம் திகனையின் அயலிலே இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. அதே தும்பறைப் பள்ளத்தாக்கிலே, ஹண என்னும் நார்ச்செடியிலிருந்து நாரெடுத்து, சாயமூட்டி, யானையும் மயிலும் பூவும் கோலமுமாகப் பாய் நெய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. தும்பறைப் பாய் நெய்யும் அக்கலையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அக்கலைக்குக் கல்லூரி இல்லை, வீடே கல்லூரி. உலகம் மெச்சும் ஒரு கலை தாய் தந்தையர் கையிலிருந்து பிள்ளைகள் கைக்கு வந்ததென்றால், வீட்டிலே கற்பது கல்வியாகாது என்று எவ்வாறு சொல்வது?

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தா நகரிலே காந்தியடிகள் கூட்டிய கல்வி மகாநாடு, கைத்தொழிலை நடுவாக வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வித்திட்டது. பிள்ளைகள் செய்யும் பொருள்களை விற்று ஆசிரியரின் சம்பளத்தை ஈட்டலாம் என்பதும் அடிகளின் யோசனை. பலர் அஞ்சியது இந்த இடத்திலேதான். பொருளுக்குச் சந்தை வந்துவிட்டால் ஆசிரியர் மேற்பார்வையாளராவார், பிள்ளை கூலியாவான் என்றார்கள். திட்டத்தை வகுத்த குழுவின் தலைவரான ஜாகீர் உசேன் அவர்களும் இந்த ஆபத்தை உணர்ந்தவரே. வருமானத்தை நோக்கிக் கல்வியின் நோக்கத்தைப் பலியிடலாகாது என்ற எச்சரிக்கை அக்குழுவின் அறிக்கையிலேயே இடம்பெற்றது. நம் நாட்டிலும், இலவசக் கல்வியின் தந்தையெனப் போற்றப்படும் கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த 1930களில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவிலே கிராமக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. அயலிலுள்ள வாழ்க்கையையும் தொழிலையும் பாடத்தோடு இணைக்க அது முயன்றது. அது நாடெங்கும் வேரூன்றவில்லை. பெற்றோர் பலர் தம் பிள்ளைகள் மண்வெட்டியைப் பிடிக்கவா படிக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஆங்கிலக் கல்வி உத்தியோகம் தந்த காலத்தில் அக்கேள்வி நியாயமானதே.

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்றே. தொழில் பிள்ளையின் அறிவுக்குப் பொருள் தரும்வரை அது கல்வி. பிள்ளையின் நேரத்தைப் பொருளாக்கத் தொடங்கிய கணத்திலே அது கூலி வேலை. முதலாவது சதுரத்திலிருந்து முக்கோணம் பிறப்பதைக் கண்ட பிள்ளை கல்வி கற்றாள். அதே கூட்டை அன்று மாலை நான்காம் முறையாகக் கட்டியபோது அவள் புதிதாக எதையும் கற்கவில்லை. செய்யும் வேலை ஒன்றுதான். செய்யும் காரணம் மாறிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. தாய்க்குத் தெரியும். பசி அவரைத் தெரியாதவர்போல் இருக்கச் செய்யும்.

சட்டம் இவ்விடத்திலே தன் பங்கைச் செய்திருக்கிறது. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கிய விதி 1998 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தக் கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆயிற்று. இரண்டும் நல்ல சட்டங்கள். ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குப் பாடசாலைக் கதவும் தொழிற்சாலைக் கதவுமே தெரியும். வீட்டு விறாந்தை தெரியாது. அங்கே பிள்ளையின் நேரத்தைக் காப்பது சட்டமன்று, பொருளின் விலை.

கடதாசியின் விலையையும் இங்கே நினைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சில், கடதாசி இறக்குமதி செய்ய டொலர் இல்லாமையால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. வினாத்தாள் அச்சிட வழியில்லாத நாட்டிலே வெளிச்சக்கூட்டுக்குக் கடதாசி எங்கே கிடைக்கும்? அக்காலத்திலே இத்தாய் பழைய கொப்பித் தாள்களையும் கடை உறைகளையும் ஊற வைத்து, இடித்துக் கூழாக்கி, பழைய நுளம்பு வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதிலே வடித்து, துணியிற் கவிழ்த்து, அம்மிக்கல்லைப் பாரமேற்றி, வெயிலில் உலர்த்தித் தாமே கடதாசி செய்ததாகச் சொன்னார். கேகாலைப் பக்கத்திலே 1997 முதல் யானையின் இலத்தியிலிருந்து நாரெடுத்துக் கடதாசி செய்து வெளிநாடுகளுக்கு விற்கும் தொழிற்களம் பெரிய அளவிற் செய்வதும் அடிப்படையில் இதே முறைதான். அங்கே அதற்குச் சந்தையும் பெயரும் உண்டு. இங்கே அதற்கு வீதியோரப் பேரம் மட்டுமே உண்டு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலக்கிய வட்டத்தினருக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. கைப்பணியை வாங்குமிடத்தில் விலை குறைத்துக் கேளாதீர்கள். அது தருமமன்று, தருமம் கேட்டு அவர்கள் கடை விரிக்கவில்லை. செய்த வேலைக்குரிய விலை அது. நூல் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிப்போர் நூறு உறைகளையேனும் இத்தகைய வீடுகளிலே செய்விக்கலாம். நாளும் அளவும் முன்கூட்டியே தெரிந்தால் தாய் பாட நேரத்தை ஒதுக்கி வைத்து வேலையை வகுத்துக்கொள்வார். அவசரமான வேலைதான் கொப்பியை மூட வைக்கிறது.

அதிபர்களுக்கு இன்னொன்று. காலம் பிந்தி வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை, எந்த வகுப்பிலே விட்டாள் என்று கேட்பதோடு நில்லாமல், எதை அறிவாள் என்றும் கேளுங்கள். பாடசாலையிலே செயன்முறைப் பாடம் நடத்தக் கைத்தேர்ச்சியுள்ளவர் இல்லையென்று குறைப்படுகிறோம். வேலியின் மறுபுறத்திலே ஒரு தாய் ஆறு சதுரத்தில் எட்டு முக்கோணம் காட்டிக்கொண்டிருக்கிறார். வாரத்தில் ஒரு பாட வேளைக்கு அவரை அழைத்தாலென்ன? வீட்டிலே கற்கும் பிள்ளைக்கு இல்லாத பெருங்குறை ஒன்றுண்டு என்று என் நண்பர் சொன்னது உண்மை. அது தோழமை. ஒத்த வயதுப் பிள்ளைகளோடு போட்டியிட்டும் சண்டையிட்டும் சமாதானம் பேசியும் கற்பவற்றை எந்தத் தாயும் தனியே கற்பிக்க முடியாது; மூன்று இனத்தவர் வாழும் அவ்வூரிலே அது மிகவும் வேண்டிய பாடமுமாகும். ஆகையால் அப்பிள்ளை பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதே என் முடிவு. தன் விறாந்தையை வெட்கத்தோடு விட்டுச் செல்லக் கூடாது என்பதும் அதே முடிவின் பகுதி.

மறுநாட் காலை, குறைத்த இருநூறு ரூபாவையும் எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றேன். தாய் வாங்க மறுத்தார். "பேசி முடித்த விலை, சேர். இனி வாங்கினால் அது கடனாகிவிடும்" என்றார். நான் வற்புறுத்தவே, அதற்கு ஈடாக உறைகள் சிலவற்றைக் கொடுத்தார். புறப்படும்போது பிள்ளை ஓடி வந்து, பழைய கொப்பித் தாளிற் செய்த சிறு பூவொன்றை நீட்டினாள். "இதற்கு எவ்வளவு, மகள்?" என்றேன். "இது விற்கிறதுக்குச் செய்தது இல்லை" என்றாள்.

அப்பூ இப்போது என் மேசையிலே இருக்கிறது. அதன் இதழொன்றிலே பாதி அழிந்த பெருக்கல் வாய்பாடு தெரிகிறது. மணம் இல்லைதான். நண்பர் அடுத்த முறை வரும்போது அதனை அவர் கையிலே கொடுத்து, அந்த ஏழாம் வாய்பாட்டை வாசித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.